பம்பைக் கழற்றும் முன் டேங்கைப் பார்க்க வேண்டும்

கேள்வி: மணப்பாறை பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் இருப்பது இருபது வருடங்களைத் தாண்டிய 35 குதிரைத்திறன் டிராக்டர். காலையில் ஒரே முயற்சியில் ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் உழுத பிறகு இழுவை குறைகிறது. என்ஜின் சத்தம் ஏறி இறங்குகிறது. மேடான இடத்தில் நின்றே விடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடுகிறது. டீசல் பம்பை இறக்கி முழுதாக வேலை பார்க்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பெய்த மழையின் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். பம்பை இறக்குவதா, பொறுப்பதா என்பது அவர் கேள்வி.

பதில்: ஒரு நாள் பொறுக்கலாம். இந்த அறிகுறிகள் பம்பைவிட டேங்க் பக்கத்தைத்தான் முதலில் காட்டுகின்றன. டேங்க் மூடியில் தொடங்கி பம்ப் வரை வரிசையாகப் பார்க்க அரை நாள் போதும். செலவு சில வாஷர், ஒரு ஃபில்டர், ஒரு துண்டு ரப்பர் குழாய் அளவில் முடிந்துவிடும். பம்பை இறக்கினால் வண்டி சில நாள் படுத்துவிடும். செலவும் ஆயிரக்கணக்கில் போகும். அதற்குப் பிறகும் பழுது டேங்கில்தான் இருந்தது என்று தெரிந்தால், பணமும் போய் உழவுப் பருவமும் போய்விடும்.

இரண்டு வகை அழுத்தம்

டீசல் என்ஜினுக்குள் இரண்டு அழுத்தங்கள் வேலை செய்கின்றன. ஒன்று, டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டர் வழியாக பம்புக்குத் தள்ளும் சிறிய அழுத்தம். இதைக் கொடுப்பது ஃபீட் பம்ப். இதன் அளவு ஏறத்தாழ 1 பார். அதாவது வயலில் ஓடும்போது டிராக்டரின் பின் டயரில் இருக்கும் காற்றின் அளவு. இன்னொன்று, பெரிய பம்ப் நாசிலுக்கு அனுப்பும் அழுத்தம். பழைய டிராக்டர்களில் இது சுமார் 200 பார். இப்போது வரும் காமன் ரயில் வண்டிகளில் 1,000 பாரையும் தாண்டும்.

ஆரம்பகால டீசல் என்ஜின்களில் அழுத்திய காற்றைக் கொண்டு எரிபொருளை ஊதி உள்ளே அனுப்பினார்கள். அதற்குத் தனியாகப் பெரிய கம்ப்ரசர் வேண்டும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக் காட்டிய என்ஜினும் அப்படிப்பட்டதுதான். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் கைக்கு அடக்கமான பம்பை ஆலையில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் லாரியிலும் டிராக்டரிலும் டீசல் என்ஜின் பரவலாக வந்தது. நம் ஊர் மெக்கானிக்குகள் இன்றைக்கும் ‘மைக்கோ பம்ப்’ என்று சொல்வது அந்த வழியில் 1951இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரை வைத்துத்தான்.

இந்த பம்பின் உள்ளே பிஸ்டன் போல ஒரு சிறு உருளை ஓடுகிறது. அதற்கும் அதன் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி சில மைக்ரான் மட்டுமே. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் 200 பார் அழுத்தம் கிடைக்கிறது. அதே காரணத்தால் பம்பினால் தூசியையும் தண்ணீரையும் தாங்க முடியாது. காற்று வந்தாலும் கெட்டது. டீசலை அழுத்தினால் அழுத்தம் உடனே ஏறும். காற்றை அழுத்தினால் அது சுருங்கிக்கொள்ளும், நாசில் திறக்காது. எனவே பெரிய அழுத்தம் சரியாக இருக்க வேண்டுமானால் சின்ன அழுத்தம் முதலில் சரியாக இருக்க வேண்டும். சின்ன அழுத்தம் டேங்கில் தொடங்குகிறது.

காலையில் ஓடி, உழவில் நிற்பது ஏன்?

35 குதிரைத்திறன் டிராக்டர் கடும் உழவில் மணிக்கு 4 முதல் 6 லிட்டர் டீசல் குடிக்கும். நிமிடத்துக்குக் கணக்கிட்டால் அரை டம்ளர் அளவு. சும்மா நின்று ஓடும்போது அதில் ஒரு சிறு பங்கு போதும். வழியில் அடைப்பு இருந்தாலும் அந்தச் சிறு பங்கு வந்துவிடும். அதனால் ஸ்டார்ட் ஆகும், ரோட்டில் வெறுமனே ஓடும், எந்தக் குறையும் தெரியாது. கொழுவை மண்ணில் இறக்கியதும் தேவை பல மடங்கு ஏறுகிறது. ஃபில்டரில் தேங்கியிருந்த டீசல் தீர்ந்த பிறகு வழியில் வருவது போதாது; இழுவை விழுகிறது. கொஞ்ச நேரம் நிறுத்தினால் டீசல் மெல்ல ஊறி நிரம்புகிறது, மறுபடி ஓடுகிறது. பாதி தூர்ந்த கிணறு ஊறுவதைப் போலத்தான்.

புகையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். டீசல் போதாமல் இழுவை குறைந்தால் கரும்புகை வராது. இழுவை குறையும்போது கரும்புகை தள்ளினால், ஏர் கிளீனர் அடைப்போ நாசில் கோளாறோ காரணமாக இருக்கலாம். அந்தத் தேடல் வேறு.

முதலில் மூடி

டேங்கிலிருந்து ஒரு லிட்டர் டீசல் வெளியே போனால், ஒரு லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு நுண்ணிய துவாரம் இருக்கும். புழுதியும் டீசல் பிசுக்கும் சேர்ந்து அது அடைபடும். மூடி தொலைந்த வண்டிகளில் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். பை இறுக்கமாக இருந்தால் காற்று போகாது; தளர்வாக இருந்தால் புழுதியும் மழைத்தண்ணீரும் போகும். துணியைச் சுருட்டி அடைத்தாலும் அதே கதைதான். கூடவே நூல் இழைகளும் டேங்குக்குள் விழும்.

சோதனை எளிது. உழவில் இழுவை குறைந்ததும் வண்டியை நிறுத்தி மூடியைத் திறக்க வேண்டும். ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டாலோ, மூடியைத் தளர்த்தியதும் என்ஜின் தெளிந்தாலோ கோளாறு மூடியில்தான். துவாரத்தைச் சுத்தம் செய்தாலோ அந்த வண்டிக்குரிய மூடியை வாங்கிப் போட்டாலோ முடிந்துவிடும்.

மேட்டில் நிற்பதற்குத் தனிக் காரணம்

டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது வண்டி மேட்டில் ஏறினாலும், சேற்றுழவில் பின் சக்கரம் அமுங்கி முன்பக்கம் தூக்கினாலும், டீசல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. டீசல் வெளியேறும் வாய் எதிர்ப்பக்கம் இருந்தால் அங்கே காற்று நிற்கும். ஃபீட் பம்ப் அந்தக் காற்றை இழுத்துவிடும். ஒருமுறை காற்று புகுந்தால் சமதளத்துக்கு வந்த பிறகும் என்ஜின் திணறும். எனவே சேற்றுழவுக்கும் சரிவான நிலத்துக்கும் போகும் நாளில் டேங்க் கால் பங்குக்குக் கீழே இறங்கவிடக் கூடாது.

வெளியேறும் வாயில் சல்லடையும் இருக்கலாம். துருச்செதில், இலைத் துணுக்கு, பழைய ரப்பர் துண்டு இவை அங்கே ஒட்டிக்கொண்டு பாதி அடைப்பை உண்டாக்கும். வண்டி குலுங்கும்போது அடைப்பு நகரும், திரும்ப ஒட்டும். சில நேரம் ஓடுகிறது, சில நேரம் நிற்கிறது என்று சொல்லப்படும் பல வண்டிகளில் கோளாறு இதுதான்.

ஒழுகாத ஓட்டை

ஃபீட் பம்புக்கு அடுத்த பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியும், கண்ணுக்குத் தெரியும். ஃபீட் பம்புக்கு முன்னால், அது இழுக்கிற பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராமலே காற்று மட்டும் உள்ளே போகலாம். குழாய் மேலே காய்ந்தே இருக்கும். ‘எங்கேயும் ஒழுகவில்லை’ என்று பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

டிராக்டரில் பெரும்பாலும் டேங்க் உயரத்தில் இருப்பதால் டீசல் தானாகவே இறங்கி வந்து ஓரளவு உதவி செய்யும். பழைய லாரியிலும் மினி லாரியிலும் டேங்க் சேஸியின் பக்கவாட்டில் தாழ்வாக இருக்கும். அங்கே ஃபீட் பம்ப் கீழேயிருந்து மேலே இழுக்க வேண்டும். தேங்காய், கரும்பு ஏற்றும் பழைய லாரிகள் காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கு, இரவில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுவது ஒரு முக்கியக் காரணம்.

வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், ஒருமுறை நசுங்கிய காப்பர் வாஷரைத் திரும்பப் போட்டது, ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் காய்ந்து போனது, கை பம்பின் அடியில் கசிவு ஆகிய இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டி என்ஜினை ஓட்டினால், குமிழி வருகிறதா என்று நேரிலேயே தெரியும். சோதனை முடிந்ததும் அதை எடுத்துவிட்டு டீசலுக்கு உரிய குழாயை மாட்ட வேண்டும். சாதாரண பிளாஸ்டிக், டீசலிலும் சூட்டிலும் நாளடைவில் இறுகி வெடிக்கும்.

கேன் சோதனை

கோளாறு டேங்கிலா, பம்பிலா என்பதைப் பிரித்துக் காட்டும் சோதனை இது. சுத்தமான 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசலை நிரப்பி, டேங்கின் உயரத்தில், சைலன்சரிலிருந்தும் சூடான பாகங்களிலிருந்தும் தள்ளி உறுதியாகக் கட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு புதிய குழாயை நேராக ஃபீட் பம்பின் உள்வாயில் மாட்ட வேண்டும். கேனின் மூடி காற்று போகும்படி தளர்வாக இருக்கட்டும். காற்றை வெளியேற்றிவிட்டு, அரை மணி நேரம் அருகிலுள்ள நிலத்தில் நிதானமாக உழுது பார்க்கலாம்.

இழுவை நன்றாக இருந்தால் கோளாறு டேங்க், மூடி, குழாய் இவற்றில்தான். பம்பைத் தொட வேண்டியதில்லை. அப்படியும் இழுவை விழுந்தால் இரண்டு ஃபில்டர்களையும் ஃபீட் பம்பையும் பார்க்க வேண்டும். அவையும் சரியென்றால்தான் பெரிய பம்பின் முறை வருகிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 830 கிராம். தண்ணீர் ஒரு கிலோ. அதனால் டேங்கில் புகுந்த தண்ணீர் அடியில் போய் உட்காரும். டீசல் எடுக்கும் வாயும் அடியில்தான் இருக்கிறது.

பாதி காலியான டேங்கில் இருக்கும் காற்றில் ஈரப்பதம் உண்டு. இரவில் டேங்க் குளிரும்போது அந்த ஈரம் சுவரில் வியர்த்து வழியும். கார்த்திகை, மார்கழியில் இது அதிகம். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பி வைத்தால் வியர்ப்பதற்கு இடம் இருக்காது. கழுத்து வரை நிரப்பாமல் விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

அடியில் தண்ணீர் நின்றால் இரும்புத் தகடு துருப்பிடிக்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாக, வழவழப்பாகப் பாசி போலப் படியும். புது ஃபில்டர் சில நாளிலேயே அடைபட்டால் இந்தப் பாசியைச் சந்தேகிக்கலாம். அப்போது டேங்கையே கழுவ வேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

வீட்டில் பேரலில் டீசல் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்தவெளியில் நிமிர்த்தி வைக்கக் கூடாது. மழைத்தண்ணீர் பேரலின் தலையில் தேங்கும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது, திருகுமூடியின் ஓரமாக அந்தத் தண்ணீரைப் பேரல் உள்ளே இழுத்துக்கொள்ளும். கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். நகர்த்திய பேரலை ஒரு நாளாவது அசையாமல் விட்டு, பிறகு மேலாக எடுக்க வேண்டும். அடியில் நான்கு விரற்கடை உயரத்தை என்ஜினுக்கு ஊற்றக் கூடாது. துத்தநாகம் பூசிய வாளியில் டீசலைத் தேக்கி வைப்பதும் கூடாது. துத்தநாகம் டீசலோடு சேர்ந்து உண்டாகும் படிவம் ஃபில்டரிலும் நாசிலிலும் ஒட்டும்.

டேங்கைக் கழுவும்போது

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, டீசலை முழுதாக வடிக்க வேண்டும். வடித்த டீசலைக் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்துப் பார்த்தால் தண்ணீரும் துருவும் அடியில் பிரிந்து தெரியும். டேங்கை இறக்கி, சிறிது டீசலும் ஒரு துண்டு சங்கிலியும் போட்டுக் குலுக்கினால் ஒட்டிய துரு விட்டு வரும். சங்கிலியை எடுத்துவிட்டு, வடியும் டீசல் தெளியும் வரை அலச வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் முழுதாகக் காய வைக்காமல் மாட்டக் கூடாது. உள்ளே பெயின்ட் அடிப்பது தவறு. உரிந்து வந்து அடைக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓட்டை விழுந்த டேங்கை அப்படியே கொண்டுபோய் வெல்டிங் வைக்கக் கூடாது. டீசல் காலியாகிவிட்டதே என்று நினைக்கலாம். ஆனால் காலி டேங்கில் நிற்பது டீசல் ஆவியும் காற்றும் கலந்த கலவை. வெல்டிங் சூட்டில் தகட்டில் ஒட்டியிருக்கும் டீசலும் ஆவியாகும். நெருப்புப் பட்டால் டேங்க் குண்டு போல வெடிக்கும். டேங்கை ஆவி நீங்கச் சுத்தம் செய்து, அதே வேலையில் பழகியவரிடம்தான் கொடுக்க வேண்டும். அடித்தகடு அரித்துப் போயிருந்தால் வேறு டேங்க் வாங்குவதே மலிவு.

காற்றை எடுக்கும் முறை

ஃபில்டரையோ குழாயையோ கழற்றி மாட்டிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். டேங்கை ஒட்டி வரிசையாக வர வேண்டும். முதல் ஃபில்டரின் மேல் உள்ள சிறு ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரையாக வரும். பிறகு குமிழி இல்லாமல் டீசலாக வரும். வந்துகொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை முறுக்க வேண்டும். அடுத்து இரண்டாவது ஃபில்டர், பிறகு பெரிய பம்பில் உள்ள ஸ்க்ரூ. கடைசியாக நாசில் பக்கத்து நட்டைச் சற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் முறுக்க வேண்டும். தொடங்கும் முன்பே அந்த இடங்களைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றை எடுக்கப் போய் மண்ணை உள்ளே விட்டது போலாகும்.

என்ஜின் ஓடும்போது நாசில் குழாயில் கசிவு இருக்கிறதா என்று கைவிரலை வைத்துப் பார்க்கவே கூடாது. 200 பார் அழுத்தத்தில் வரும் டீசல், ஊசி போலத் தோலுக்குள் போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே தசையை அழித்து விரலை, கையை எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். அப்படிப் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், டீசல் அழுத்தத்தில் உள்ளே ஏறிவிட்டது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

பம்பைத்தான் பார்க்க வேண்டும் என்பது எப்போது?

மெக்கானிக் சொன்னது எப்போதும் தவறு என்று இதற்குப் பொருளில்லை. ரோட்டரி வகை பம்ப் உள்ளே தேய்ந்திருந்தால், குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகும் என்ஜின் சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஆறிய பிறகுதான் ஆகும். சூட்டில் டீசல் நீர்த்துப் போய், தேய்ந்த இடைவெளி வழியாக நழுவிவிடுவதே காரணம். என்ஜின் ஆயிலில் டீசல் வாடை வந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறினாலும் ஃபீட் பம்ப் அல்லது பம்பின் சீல் போயிருக்கலாம். அந்த ஆயிலோடு உழவுக்குப் போகக் கூடாது. இப்படிப்பட்ட நிலையில், பம்பை சோதனை மேஜையில் ஏற்றி அளந்து பார்க்கும் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வண்டியில் வைத்தபடியே சீல் வைத்த ஸ்க்ரூவைத் திருப்புவது சரிசெய்வது ஆகாது.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கேள்வி: 2020க்குப் பிறகு வரும் டீசல் பழைய பம்பைத் தேய்க்கும், கொஞ்சம் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும் என்கிறார்களே?

பதில்: 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வரும் பி.எஸ். 6 டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைவது உண்மை. அதை ஈடுகட்ட ஆலையிலேயே மருந்து சேர்க்கிறார்கள். வழவழப்புக்கும் தர அளவு உண்டு. எனவே வீட்டில் ஆயில் கலக்கத் தேவையில்லை. பழைய என்ஜின் ஆயிலைக் கலப்பது கெடுதல். அதிலுள்ள கரியும் இரும்புத்தூளும் ஃபில்டரை அடைத்துவிடும்.

கேள்வி: மண்ணெண்ணெய் கலந்தால் செலவு குறையுமா?

பதில்: பெரிய பம்பின் உள்பாகங்களுக்கு டீசல்தான் எரிபொருளோடு மசகும். மண்ணெண்ணெயில் அந்தப் பிசுபிசுப்பு இல்லை. மிச்சமான பணத்தைவிடப் பல மடங்கு பம்ப் வேலையில் போய்விடும்.

கேள்வி: ஃபில்டரை டீசலில் கழுவித் திரும்பப் போடலாமா?

பதில்: துணி வகை முதல் ஃபில்டரைக் கையேட்டில் சொல்லியிருந்தால் கழுவலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. நுண்துளைகள் கிழிந்து அழுக்கு நேராக பம்புக்குப் போகும். புது ஃபில்டருக்குள் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவதையும் தவிர்க்க வேண்டும். நடுத்துளை வழியாக ஊற்றும் டீசல் வடிகட்டப்படாமல் உள்ளே போகிறது.

மணப்பாறை வாசகர் செய்ய வேண்டியது இதுதான்: முதலில் மூடி, அடுத்து கேன் சோதனை, பிறகு ஃபில்டர். வண்டி வேலையில் இருக்கும் அந்த ஒரு நாள் ஈரத்தை விட்டுவிட மனமில்லை என்றால், வேளாண் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலி வழியாகப் பதிவு செய்து கேட்டுப் பார்க்கலாம். மானாவாரி நிலத்தின் ஈரம் காத்திருக்காது. பம்ப் வேலை காத்திருக்கும்.